குளம் நடக்காது

நாலு முறை பறந்தாயிற்று வீரையடிக்குளத்துக்கு மேலே.
முதல் முறை ஆனி, சிறுபோகம் இல்லாத வருசம்,
குளத்தின் அடி வெடித்துக் கிடந்தது.
பிறகு மார்கழி, வான் பாய்ந்த மறுவாரம்.
பிறகு ஆவணியில், அரிவி வெட்டிய கையோடு.
கடைசியாய்ப் போன செவ்வாய்,
புவிதரனின் ட்ரோனைப் பருந்தொன்று துரத்திய நாள்.

நாலு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாய் விரிக்கிறேன்
துணுக்காய்க் கந்தோரில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே.
பொருந்தவில்லை.
ஒரே மருதமரம் நாலு இடத்தில் நிற்கிறது.
வரம்புக்கு வரம்பு இரட்டை.
கிறவல் ரோட்டுக்குப் பக்கத்தில்
அதனுடைய ஆவி போல இன்னொரு கிறவல் ரோட்டு.

செய்மதி சொல்லும் இடம் சொன்ன இடத்தில் இராது.
இரண்டு மீற்றர், மூன்று மீற்றர் விளையாடும்.
அதற்காகத்தான் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டோம்,
ஏழு இடத்தில்.
மூன்றை மழை கொண்டுபோனது.
இரண்டின் மேல் யானை நடந்தது.
ஒன்றின் மேல் யாரோ எள்ளுக் காயப்போட்டிருந்தார்கள்,
படத்தில் அது அழகாய்த்தான் இருக்கிறது.
மிச்சம் ஒன்று. ஒற்றை ஆணியில் குத்திய படம்
எந்தப் பக்கமும் சுழலும்.

அசையாத ஒன்றைத் தேடு என்கிறது கையேடு.
அசையாத ஒன்று.
வன்னியில்.
எழுதியவர் எந்த ஊரோ.

கூரையைப் பிடிக்கலாமா?
முதலில் நீலத் தறப்பாள், பிறகு தகரம், இப்போது ஓடு.
ஒவ்வொரு முறையும் வீடு ஒரு முழம் நீண்டிருக்கிறது.
கிணறு? தூர்ந்து, பக்கத்தில் வேறு வெட்டியாயிற்று.
நிழலை நம்பவே கூடாது. காலையில் பறந்தால்
பாலை மேற்கே சாய்கிறது, பின்னேரம் கிழக்கே.

சேர் சொன்னார்: காட்டெல்லைக் கல்லுகளைப் பிடியும் பிள்ளை,
கொங்கிறீட், மஞ்சள் தலை, மேலேயிருந்து வடிவாத் தெரியும்.
பிடித்தேன்.
ஐந்து கல்லும் கச்சிதமாய் அமர்ந்தன.
போன செவ்வாயின் குளம், கட்டோடும் அலைகரையோடும்,
பதினொரு மீற்றர் மேற்கே போய் நின்றது.

குளம் நடக்காது பிள்ளை, என்று சிரித்தார்.
எங்கேயோ பிழை.

துருசின் மேல்தட்டு, அதற்கு நாலு மூலை.
மதகு இரண்டு.
வான்கட்டில் செல் விழுந்து உடைந்த வாய்.
அதை ஒருவரும் பூசவில்லை,
அதனால் அது மாறவில்லை.
ஏழு புள்ளி. மறுபடி பொருத்தினேன்.
இரண்டு விரல் தடிப்புக்குள் மிச்சப்பிழை.
மருது ஒரு மருதாயிற்று. ரோட்டு ஒரு ரோட்டாயிற்று.
கல் ஐந்தும் எழுந்து நடந்தன.

பற்றைக் கரையில் எரிந்த பனங்குற்றி ஒன்று.
நாலு படத்திலும் அதன் அருகே ஒருத்தி நிற்கிறாள்.
அசைகிற எதையும் மென்பொருள் தின்றுவிடும்.
மாடு பாதியாய் வரும்,
சைக்கிளில் ஒரு சில்லு மட்டும் வரும்.
இவள் முழுசாய், தலையும் தோளும் நிழலும்.
அத்தனை படமும் எடுத்து முடியும்வரை
அப்படியே நின்றிருக்கிறாள்.
பெயர் செல்வமலர் என்றான் புவிதரன்,
சத்தம் கேட்டால் வருவா, ஒண்டும் கேக்கமாட்டா.

மனிதரைப் பொருத்துப்புள்ளியாய் வைப்பதில்லை. தெரியும்.
சும்மா அளந்து பார்த்தேன்.
ஆனியில் மஞ்சள் கல் அவளுக்கு மேற்கே ஐந்து மீற்றர்.
மார்கழியில் ஐந்து. ஆவணியிலும் ஐந்து.
போன செவ்வாய், கிழக்கே ஆறு.
அவள் அதே குற்றியடியில்தான்.
காடு அவளைத் தாண்டி வந்திருக்கிறது,
ஒரு மரமும் முளைக்காமல்.

சேர் கன நேரம் திரையைப் பார்த்தார்.
சராசரிப் பிழை எண்டு போட்டால் என்ன, என்றார்,
தன்னோடு கதைப்பது போல.
தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

நான் போடவில்லை.
கல் ஒன்றுக்கு ஒரு வரி:
இலக்கம், திகதி, திசை, பதினொரு மீற்றர்.
காரணம் என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
அதில் ஒரு சொல்தான் கொள்ளும்.

அடுத்த பறப்பு ஐப்பசியில், மழைக்கு முன்.
சுண்ணாம்பு ஒரு மூடை கேட்டு எழுதியிருக்கிறேன்.
எட்டாவது குறியை எங்கே போடுவது என்றான் புவிதரன்.
குற்றியடியில் போடு என்றேன்,
அவள் நிற்கிற இடத்தை விட்டு.