கடைசியில் ஒரு ங்

தாராபுரம் திரும்பிய மறுநாள்
எட்டு 'பி' முழுக்க ஒரே கேள்வி:
"அங்க என்னத்தப் புள்ள தின்னே?"

கறுப்பு ரொட்டி. பச்சைக் கேரட்.
பல் கூசும் மீன்.
ரெண்டாம் பீரியடிலேயே வயிறு
அரிசிம்பருப்பு கேட்டு அழும்.
இங்கே மணியடிக்கும் முன்னே காலியாகிற டப்பா
அங்கே முழுசாய் எனக்கே.
அதுதான் செரிக்கவில்லை.

அப்பாவுக்குக் காற்றாடி வேலை,
ஆறு மாதம் டென்மார்க்.
டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம்.
இங்கிரித்.
நாய்க்குட்டியையும் வாங்க போங்க என்கிற நாக்கு,
புரளவே மாட்டேன் என்றது.
யாருக்கும் கேட்காமல் கடைசியில்
ஒரு ங் சேர்த்துக்கொண்டேன்.

நேற்று தபாலில் வாழ்த்து அட்டை.
பனி, சிவப்பு வீடு, தபால்காரர் கைப்பட்ட மடிப்பு.
கீழே
கோணல் கையெழுத்தில்

இங்கிரித்ங்.