பதினொன்றில் நான்கு

கருங்கல் சந்திப்பில், டயர் கடைக்கு மேலே ஜிம்.
ஷைனி தந்த தாளில் வயிற்றுக்கு மட்டும் பதினொன்று.
"நாலு போரும் சேச்சி, நீங்களே பாத்து எடுங்க"
என்றாள், பேனா மூடியைக் கடித்தபடி.

முதலாவது க்ரஞ்ச்.
பாதி எழும்பி, பாதியில் நின்று, திரும்பச் சாய்வது.
இரவு இரண்டு மணிக்கு அபின் அழும்போதெல்லாம்
அதைத்தான் செய்கிறேன்.
வெட்டினேன்.

ரஷ்யன் ட்விஸ்ட்:
தையலுக்கு இடப்புறம் சுள்ளென்றது. வேண்டாம்.
சைக்கிள்:
ஜன்னலுக்குக் கீழே பஞ்சர் ஒட்டும் பையன்
அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறான். அதுவும் வேண்டாம்.

முட்டை மடக்கிக் குதிகாலை மெல்ல நகர்த்துவது ஒன்று.
பார்க்க ஒன்றுமில்லை.
செய்தால் தெரிகிறது,
அடிவயிறு என்று ஒரு ஆள்
பதினான்கு மாதமாக என்னோடு பேசாமல் இருந்தது.
டிக்.

மல்லாந்து கையும் காலும் நீட்டும் செத்த பூச்சி,
பெயருக்காகவே டிக்.
இடுப்பைத் தூக்குவது, டிக்.

நான்காவதில் நின்றுவிட்டேன்.
கால் தூக்கலா, பிளாங்கா?
ரப்பர் ஷீட் டெம்போ ஒன்று
மழைக்குத் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தது.
வீட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ராத்திரி, தொட்டில் அருகே முழங்கை ஊன்றினேன்.
மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி
சுமக்கிற தண்ணீர் சிந்தாமல் நீளமாய்
பதினெட்டு, பத்தொன்பது
அபின் தவழ்ந்து வந்தான்.
நடுங்கும் வயிற்றுக்கு அடியில்,
அவன் வெளியே வந்த வெட்டுக்கு நேர் கீழே,
நனைந்த ரஸ்க்கோடு மல்லாந்து படுத்துக்கொண்டான்.

இனி விழ முடியாது.
"ஓய், பிள்ளைய ஒண்ணு எடும்"
என்று அடுக்களைக்குக் கூப்பிட
மூச்சு வேண்டும்.

முப்பத்தொன்று.