ஏழரைக் கட்டையின் மாபெரும் வெற்றிப் பாடல்கள்

மொத்தமே பத்துப் பாட்டு.
அதில் ஒன்பதைத் தெரிந்தெடுத்தோம்.
வெற்றி என்ற சொல்லை யூட்தான் போடச் சொன்னான்:
"தோத்ததுகளைத் தனியா விட
இன்னொரு சீடீக்குக் காசில்லை."

ஸ்ரான்லி வீதி அச்சகத்தில்
கன்னங்கரிய அட்டையைத் திருப்பிப் பார்த்து
முதலாளி கேட்டார்,
"ஹெவி மெற்றல் எண்டால் கன உலோகம்தானே,
சுன்னாகத்துக் கிணத்துத் தண்ணியிலை
இருக்கெண்டு கதைச்சாங்களே, அதோ தம்பி?"
ஓம் என்றேன்.
விளக்கப் போனால்
விலை கூடிவிடும் போலிருந்தது.

முதற் பாட்டு, 'அரைக் கிலோ ஆணி'.
கொக்குவிலில், பற்றறி சார்ஜ் பண்ணும் கடைக்குப் பின்னால்
முட்டைத் தட்டுகள் ஒட்டிய அறைக்குள் பதிந்தது.
இரண்டாம் நிமிடத்தில்
அடுத்த வளவு நாய் வந்து சேரும்.
சுருதியில் எங்களைவிடச் சுத்தம்.

மூன்றாவதில் ஜெனோவா உறுமுகிறாள்.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
இலக்கம் கூப்பிடுவதும் அந்தத் தொண்டைதான்.
"நாப்பத்திரண்டு! நாப்பத்திரண்டு வந்திட்டுதோ?"
ஒருநாள் ஒரு மனிசன்
வாங்கிலிருந்து எழும்பி
இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாராம்.
அன்றிரவு அவள் எழுதியது ஐந்தாம் பாட்டு.
அதில் சொல்லே இல்லை.
ஒன்றிலிருந்து எண்ணி
நாற்பத்தொன்றில் நிற்கும்.

வாகீசன் சுவிஸிலிருந்து குரல் அனுப்புகிறான்:
கிற்றாரைக் கூட்டு, பேஸைக் குறை.
பேஸ் வாசிப்பவன் நான்.
ஒன்றையும் தொடாமல் திருப்பி அனுப்பினேன்.
"இப்பதான் சரி" என்றான்.

யூட்டுக்கு விடிய ஐந்தரைக்கு முகமாலை பஸ்.
காதில் கருவியை மாட்டி
மண்ணுக்குள் உலோகம் கத்துகிறதா என்று
நாள் முழுக்கக் கேட்பது அவன் வேலை.
ஒரு சதுர மீற்றர். பிறகு பக்கத்துச் சதுர மீற்றர்.
கூடுதலாக வருவது
ஆணி, மீன்ரின் மூடி, சோடாத் தகடு.
"அங்கை சத்தம் வந்தால் நிக்கோணும்.
இங்கை வந்தால் இன்னும் ஓங்கி அடிக்கலாம்"
என்பான், பின்னேரம் ட்ரம்ஸுக்கு முன்னால்
சப்பாத்தைக் கழற்றியபடி.

விட்டது பத்தாவதை.
நாலாம் நிமிடத்தில் அம்ப்ளிஃபயர் கீச்சிட்டது,
மெல்லிசாய், நீளமாய்.
யூட் நின்றுவிட்டான்.
தூக்கிய குச்சி தூக்கியபடி.
நாங்கள் விளங்காமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடி
ஒவ்வொருவராய் நிற்பது
வரிசையாகக் கேட்கும்.
பிறகு மின்விசிறி.
பிறகு ஜெனோவா, உறுமாத குரலில்:
"யூட்?"

அவன் அதைப் பிழை என்றான்.
அவள், எங்களிடம் இருக்கிற ஒரே வெற்றி என்றாள்.
நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு
ஒன்பதாவது முடிந்தபின்
இரண்டு நிமிட வெறுமை விட்டு
அதன் பின்னால் பத்தாவதை ஒளித்து வைத்தேன்.
அட்டையில் போடவில்லை.
யூட்டுக்குச் சொல்லவுமில்லை.

போன செவ்வாய் அவன் ஒன்றைக்
கம்பனி பஸ்ஸில் போட்டிருக்கிறான்.
ஆனையிறவு வெளியில் ஒன்பதாவது முடிந்ததாம்.
சாரதி நிற்பாட்டக் கை நீட்ட
முன் சீற்றுப் பெடியன் தடுத்தானாம்,
"பொறுங்கோ அண்ணை, இன்னும் ஓடுது."
இருபத்துமூன்று பேர்,
சும்மா இருக்கும் இடத்தைக் காதால் தடவிப் பழகியவர்கள்,
அசையவில்லையாம்.

இதைச் சொல்லத்தான் எடுத்தான்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
"அடுத்த அச்சிலை பத்தெண்டு போடு" என்று வைத்துவிட்டான்.

அடுத்த அச்சு!
எழுபத்தெட்டு சீடீ
இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.