கூண்டு பதினான்கு

காலை ஆறரைக்கே பாகாயத்து எலி வீட்டைத் திறந்துவிடுவேன்.
பன்னிரண்டு வாரம் கொழுப்புத் தீனி தின்று
தராசுத் தட்டில் கொழுக்கட்டைபோல் உட்கார்ந்திருக்கிறான்
பதினான்கு.
நாற்பத்தெட்டு கிராம்.
என் எடையை யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

இடப்பக்க அடுக்குக்கு வெறும் தண்ணீர்.
வலப்பக்கத்துக்கு அந்தச் சர்க்கரை கரைத்த தண்ணீர்.
அத்திப்பழத்தில் ஒரு துளி, உலர்திராட்சையில் ஒரு துளி,
தேடிப் பொறுக்கினால் சில்லறை அளவுக்குத்தான் தேறும்
என்றார் மெஹருன்னிசா மேடம்.
நாக்கு அதை வா என்கும்.
உடம்போ பெயரைக் கேட்டுவிட்டு
முக்கால்வாசியைப் பின்வாசலில் அனுப்பிவிடும்.
மிச்சம் குடலுக்குள் இறங்கி
அங்கே குடியிருக்கும் கோடிப்பேரிடம் என்ன பேசுமோ,
அதைக் கேட்கத்தான்
புழுக்கைகளைத் தேதி போட்டுக் குப்பியில் அடைக்கிறேன்.

நோட்டில் அதற்கு அழற்சி என்று பெயர்.
எனக்குத் தெரிந்தது மே மாதத்து வீடு:
ராத்திரி பதினோரு மணிக்கும்
உள்ளங்கை வைத்தால் சுடுகிற சுவர்.
தீ இல்லை. புகை இல்லை.
கொழுப்பும் அப்படித்தான் கனலுமாம்,
குடலின் சுவர் விட்டு, ஓரம் கசிந்து.

சாயங்காலம் காட்பாடி பஸ்.
கீழே பாலாறு, மணல் அள்ளின குழிகளோடு.
ஒரு குழியில் மட்டும் தண்ணீர்,
அதைச் சுற்றி நாணல்.

ஒரு சனிக்கிழமை
கழுவும் முன் கரண்டியை நக்கிப் பார்த்தேன்.
இனித்தது.
பிறகு ஒன்றுமே இல்லை.
கடனைத் திருப்பிக் கேட்காத இனிப்பு.
கொஞ்சம் பயமாக இருந்தது.

பதினாறாம் வாரம். மயக்க மருந்து, கத்தரி.
பதினான்கு வலப்பக்கத்துக்காரன்.
ஈரலில் வெளுப்புக் குறைவு.
வயிற்றுக் கொழுப்பு இரண்டு விரலில் அடங்கியது.
"நல்லா வேலை செஞ்சிருக்கு இல்ல மேடம்?"
"எலிக்கு, தமயந்தி" என்றார்.
"மத்த கூண்டையும் பார்க்கணும்.
மனுஷன் அப்புறம்."
அந்த அப்புறத்துக்கு
எங்கள் நோட்டில் பக்கமே ஒதுக்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்துச் சம்பந்தம்
ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார்.
மேஜையில் என் ரத்தப் பரிசோதனைத் தாள்,
அதன்மேலேயே பெட்டியை வைத்துவிட்டார்.
இருநூற்றுப் பத்தின்மேல் பாகு ஊறிக்கொண்டிருந்தது.

ஒன்றைப் பாதியாக்கினேன்.
பாதியை இன்னும் பாதி.
பருப்பு எந்தத் துண்டில் போகும் என்று பார்த்துக்கொண்டே
வெட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
மூன்று தடவை சோப்புப் போட்டும்
விரலில் எலி வாசனை.