அறுபத்திரண்டு லாரி

நம் ஊரில் லாரி மணல் ஏற்றும்.
இங்கே, குத்தாயிஸியில், லாரி என்றால் காசு.
மூன்றாம் மாடி எத்தேரி வீட்டுக் கதவில்
எரிவாயுக் கம்பெனி ஒட்டிய சீட்டு:
அறுபத்திரண்டு லாரி பாக்கி.
படியேறும்போதெல்லாம் படித்தேன்.
அவர்கள் எழுத்து திராட்சைக் கொடி மாதிரி சுருளும்,
எண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தவை.

லிஃப்ட் இருக்கிறது. உண்டியல் வைத்த லிஃப்ட்.
பத்து தெத்ரி போட்டால்தான் நகரும்.
ஜனவரியில் ஒருநாள் எத்தேரி
உருளைக்கிழங்குப் பையோடு படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.
"உடம்புக்கு நல்லது" என்றாள்.
நான் டாக்டருக்குப் படிக்கிறவள்.
ஆமாம் என்றேன்.

குராமுக்குச் சுரங்கத்தில் வேலை போய் எட்டு மாதம்.
மாங்கனீசுக் கறுப்பு நகக்கண்ணை விட்டு இன்னும் போகவில்லை,
சம்பளம் போய்விட்டது.
பையன் பாச்சானா கோட்டோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான்.
அவன் இருமல் தளத்தைத் துளைத்து
என் புத்தகத்தின் நுரையீரல் படத்துக்கு
நேராக ஏறி வரும்.

தெருமுனையில் ஒரு இயந்திரம்.
யார் எண்ணுக்கு யார் கட்டினாலும் வாங்கிக்கொள்ளும்,
நீ அவர்களுக்கு யார் என்று கேட்காது.
கையுறையைக் கழற்றி
மனப்பாடமாகிவிட்ட எண்ணை அடித்தேன்.
கிழிந்த நோட்டு ஒன்றை
இரண்டு தடவை துப்பிவிட்டு விழுங்கியது.

சொல்லிவிடுகிறேன், அது என் பணம் இல்லை.
பதினோரு சதவீத வட்டிக்கு
நாமக்கல் கிளை மேலாளர் கையெழுத்துப் போட்ட கல்விக் கடன்.
கடன் வாங்கித் தானம் பண்ணினாள் என்று
என் அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் ஆள் வந்து இணைப்பைத் திறந்தான்.
ராத்திரி கீழே குழாய்கள் முனகின,
வெதுவெதுப்பு என் தரைக்கும் கொஞ்சம் வந்தது.
உள்ளங்கால் சூடாகத் தூங்கினேன்.
எவ்வளவு பெருமை எனக்கு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்றாம் நாள் எத்தேரி
விசேஷத்துக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.
எங்கே என்றேன்.
கம்பெனிக்கு.
யாரோ ஒரு பாவப்பட்டவன் கட்டிய பணம்
எங்கள் கணக்கில் தப்பாக விழுந்திருக்கிறது,
அவன் வீடு இந்நேரம் குளிரில் கிடக்கும் என்றாள்.

என்னிடம் இருந்த ஜார்ஜிய மொழி
ரொட்டி வாங்கப் போதும்,
எங்கே வலிக்கிறது என்று கேட்கப் போதும்.
தப்பில்லை, தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி
என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
நெஞ்சுவலி என்று நினைத்து
என்னைப் படியில் உட்காரவைத்து
தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

புரிந்தபின் அவள் முகம் போன போக்கை
இங்கே எழுதப்போவதில்லை.
நன்றி சொல்லவில்லை. மூன்று வாரம் பேசவுமில்லை.
என் தபால் பெட்டியின் தொங்கிய கதவுக்கு மட்டும்
ஒருநாள் யாரோ
இரண்டு திருகாணி போட்டிருந்தார்கள்.

மார்ச்சில் வந்து கதவைத் தட்டினாள்.
இத்தாலியில் வேலை, பாரி நகரத்தில்.
படுத்த படுக்கையான ஒருவரைக் குளிப்பாட்டி
மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும்.
பயணச்சீட்டை மேஜைமேல் வைத்து
முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்:
வேற்று நாட்டில்
முதல் ராத்திரி என்ன செய்வது?

சுவிட்ச் எங்கே என்று தெரியாமல்
விடியும்வரை ஷூவோடு
நான் இருட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன்.
பாதி சொல், பாதி சைகை.
பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்: சுவிட்ச்.
வேறு?
அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டு அழு,
சுவரெல்லாம் மெல்லிசு என்றேன்.
எழுதவில்லை.
"அது தெரியும்.
முதல் வருஷம் முழுக்க
உன் குழாய் ஓடிக்கொண்டே இருந்ததே."

கிளம்பும்போது லிஃப்ட்டில்
பத்து தெத்ரி போட்டு
ஒரே ஒரு மாடி இறங்கினாள்.