நீர் வற்றிய பிறகு

அட்டை எண் நாற்பத்தொன்று.
வோபே ஹிடிங்கா, மதகுக்காரர்.
எங்கள் அருங்காட்சியகப் படிவம்
தொழில் என்று ஒன்றைத்தான் கேட்கும்.
ஓவியர் என்பதை ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்.

ஃப்ரீஸ்லாந்தின் வடகரையில்
நாளுக்கு இரண்டு முறை
கடல் எழுந்து போய்விடும்.
போன பின் கிடப்பதைத்தான் வரைந்தார்:
சேறு, சேற்றின் மேல் கொஞ்சம் வெளிச்சம்,
மிச்சப் பலகை முழுக்க வானம்.
அலை வரைந்ததே இல்லை.
"அது நிற்காது. சேறு நிற்கும்,
ஆறு மணி நேரமாவது."

தூரத்திலிருந்து சாம்பல் என்று சொல்லிவிடலாம்.
கிட்டே போனால்
சிப்பியின் உள்பக்கம்,
நனைந்த புறாவின் கழுத்து,
ஆறிய பாலில் படியும் ஆடை,
இன்னும் பெயரில்லாத ஒன்று
உள்ளான் குருவிகள் கிளறிவிட்டுப் போன இடத்தில்.

வாங்க வந்தவர்கள் மாடு கேட்டார்கள்.
லேவார்டன் பல்மருத்துவர்
ஒரு மாடாவது வேண்டும் என்று நின்றார்.
மாட்டுக்கு ஐந்து கில்டர் கூடுதல், என்றார் வோபே.
நகக்கண் அளவு மாடு.
பின்புறத்தை மருத்துவருக்குக் காட்டிக்கொண்டு
கடல் போன திசையைப் பார்க்கிறது.

அவர் இறந்த குளிரில்
கோழிக்கூட்டுக்குச் சுவர் தேவைப்பட்டது
மனைவி ஹிஸ்கெவுக்கு.
பதினேழு பலகைகள். ஆணி.
ஊரார் சிரிப்பார்கள் என்று
வரைந்த பக்கம் உள்ளே.
ஆறு குளிர்காலம் கோழிகள் கடற்கரை பார்த்தன.
முட்டை குறையவில்லை என்பாளாம்.

வெளியே மழையில் நின்ற முதுகுகளில்
விலை எழுதிய மை கரைந்துவிட்டது.
தேதி, நீர் வற்றிய மணி, காற்றின் திசை
பென்சிலில் இருந்ததால் இருக்கின்றன.

செவ்வாயன்று நீரியல் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
படங்களைப் பார்க்கவில்லை, அளந்தாள்.
கரை கட்டுவதற்கு முன் ஓடிய கால்வாய்
எந்த வரைபடத்திலும் இல்லையாம்,
இவர் சேற்றில் மட்டும்
ஒரு வெளிர்க்கோடாகப் போகிறதாம்.

பல்மருத்துவரின் பேத்தி கொடுத்த படத்தில்
அவள் அளவுகோல் நின்றது.
"இங்கேதான் திரும்பியிருக்க வேண்டும்," என்றாள் எரிச்சலோடு,
"இந்த மாடு மறைக்கிறது."

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
நான்கு கால்களுக்கு நடுவே
ஒற்றை மயிர்த் தூரிகையின் அகலத்தில்
தண்ணீர்
இடப்பக்கம் வளைந்து
போய்க்கொண்டிருந்தது.