எந்த ஹட்டி

கோஸ் பூக்கும் என்பதே
விதைப் பண்ணைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.
கேத்திப் பள்ளத்தாக்கில்
பூக்கும் வயதுவரை எந்தக் கோஸையும் நாங்கள் விட்டதில்லை.
உருண்டதும் அறுத்து, மூட்டை கட்டி,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு.

பூத்தால் மஞ்சள். நாலே இதழ்.
பதினேழாம் வரிசையில் ஒரு செடி,
எண்ணூறு பூ,
தன் தூளைத் தானே சூடி நிற்கிறது.
காய் மட்டும் இல்லை.

லூர்து சார் பலகையில் வரைந்தார்:
சூல்முடியின் தோலில் ஒரு புரதம், காவலுக்கு.
மகரந்தத்தின் மேல்பூச்சில் இன்னொன்று, மிகச் சிறியது.
இரண்டையும் எழுதும் மரபணுக்கள் அடுத்தடுத்த வீடு,
பிரியாமல் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும்.
"சாவி பொருந்தினால் பூட்டு என்ன ஆகும்?"
திறக்கும் என்றோம்.
"இங்கே பொருந்தினால்தான் பூட்டிக்கொள்ளும்."

எனக்குப் புரிந்தது வேறு விதமாக.
வந்து இறங்கியவனை அது கேட்கிறது: எந்த ஹட்டி?
இதே ஹட்டி என்றால் அண்ணன் தம்பி முறை.
வாசலிலேயே நிற்கட்டும்.
ஒரு வாய் தண்ணீர் கிடையாது.
தண்ணீர் காணாத மகரந்தம்
குழல் நீட்டாமல்
மாலைக்குள் வெறும் தூசி.

போஜனுக்கு எங்கள் வீட்டில்
காபியாவது கொடுத்தார்கள்.

காவல் வருமுன் உள்ளே போவது என் வேலை.
பூக்க இரண்டு நாள் இருக்கும் மொட்டை
இடுக்கியால் பிரித்தால்
யாரையும் கேட்கத் தெரியாத சூல்முடி;
புரதம் இன்னும் ஊறவில்லை.
அதே செடியில் இன்று விரிந்த பூவின் தூளைத் தொட்டு வைத்து,
உறை மாட்டி, அடுத்தது.
ஒரு நாளைக்கு நானூறு.
மொட்டுப் பருவம் தப்பிவிட்டால் உப்புத் தண்ணீர் தெளிப்போம்,
நூற்றுக்கு மூன்று பங்கு.
காவலுக்கு ஏதோ மறதி வரும்.
ஏன் என்று சாருக்கே முழுசாகத் தெரியாது.

காய்த்தது. விதைத்தோம்.
மூன்றாம் தலைமுறையில் பாத்தியில் பாதி குட்டை,
இலை வெளுத்து, தலை கட்டாமல்.
மிச்சியக்கா பாத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"பெரியவங்க சும்மாவா..." என்று ஆரம்பித்தாள்.
எட்டு ஹட்டி தாண்டிக் கொடுத்த என் தங்கைக்கும்
பிள்ளை தங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
லவ்டேல் பக்கம் ரயில் கூவியது.
களையெடுக்கக் குனிந்துவிட்டேன்.

இதில் தேறியதை இன்னொரு வரிசையில் தேறியதன் பக்கத்தில் நட்டால்
தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளுமாம்.
அப்போது காவல் வேண்டும், அதே காவல்.
கடையில் விற்கும் வீரிய விதை அப்படித்தான் வருகிறது,
பாக்கெட்டில் பெரிய படம் போட்டு.

அதுவரை உறைமேல் எழுத வேண்டும்:
தாய் பதினேழு, தந்தை பதினேழு.
முதல் நாள் அங்கே கை நின்றது.
இப்போதும் சில நாள் நிற்கும்.